மாத்திரையின் அளவும் இரத்தத்தில் உள்ள அளவும்

கார்த்திகை முதல் நாளில் மாலை அணிவோர் பலர் இரும்பையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் அன்றே பீடியை விட்டுவிடுகின்றனர். பாராட்டத்தக்க செயல். ஆயினும் குளோசபின் உட்கொள்பவர், பீடியை விடுமுன் மருத்துவரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது.

மனச்சிதைவு நோயில் வேறு இரு மருந்துகளேனும் போதிய பலன் தராதபோது குளோசபின் அளிக்கப்படுகிறது. ஒரே அளவு மாத்திரை உட்கொள்ளும் இருவரின் இரத்தத்தில் மருந்தின் செறிவு ஒன்றாக இருப்பதில்லை. கல்லீரலில் உள்ள நொதி ஒன்று அதனைச் சிதைக்கிறது. பீடி, சிகரெட்டுப் புகை அந்நொதியின் வேகத்தைக் கூட்டும். புகைப்பதை நிறுத்தினால் அவ்வேகம் தணிந்து, ஒரு வாரத்திற்குள் மருந்தின் செறிவு ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ உயரக்கூடும். கடும் காய்ச்சலும் நுரையீரல் தொற்றும் அவ்வாறே உயர்த்தும். அப்போது மிகுந்த தூக்கம், எச்சில் வடிதல், தள்ளாட்டம், மலச்சிக்கல், சிலருக்கு வலிப்பும் தோன்றலாம்.

மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 350 நானோகிராம் செறிவை எட்டும்போது பலன் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. செறிவு மிகவும் உயர்ந்தால் வலிப்பு அபாயமும் கூடும். ஆனால் எண் ஒரு வழிகாட்டியே. குறைந்த செறிவிலேயே நலமாக இருப்பவருக்கு எண்ணுக்காக மட்டும் மாத்திரையைக் கூட்டுவதில்லை. ஆசிய நாட்டினர் பலருக்கு மேலைநாட்டினரைவிடக் குறைந்த அளவே போதும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் நம் நாட்டு நோயாளிகளிடம் இச்செறிவை அளந்து ஆய்ந்துள்ளனர்.

செறிவு அறிய இரத்தம் எடுப்பது, கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து. இரவு 9 மணிக்கு உட்கொண்டவர் காலை 9 மணிக்கு வரவேண்டும். இரத்தம் கொடுத்த பின்னரே காலை மாத்திரையை உட்கொள்ள வேண்டும். முந்தினால் எண் பொய்யாக உயரும். வெள்ளணுக்களை எண்ணும் பரிசோதனை இதனின்றும் வேறானது. ஒன்று செய்ததால் மற்றொன்றைத் தவிர்க்கலாகாது.

மாத்திரை சில நாள்கள் விடுபட்டிருந்தால் அதனை மறைக்க வேண்டா. செறிவு குறைந்திருப்பதைக் கண்டு நாங்கள் அளவைக் கூட்டிவிடும் அபாயம் உண்டு. இரண்டு நாள்களுக்கு மேல் விடுபட்டால் பழைய அளவில் நீங்களாகவே மீண்டும் தொடங்காதீர்கள். இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து மயக்கம் வரலாம்.

பீடியை விடுவது நன்று. விடும் நாளை எங்களிடம் முன்னரே சொல்லுங்கள். மாத்திரையின் அளவை அதற்கேற்பக் குறைத்து, செறிவையும் அளந்து பார்ப்போம். காய்ச்சல் கண்டாலும் அன்றே அழைத்து வாருங்கள்.