பழமலையின் இரண்டு வயதுகள்

திருவண்ணாமலைக்கும் முந்திய மலை பழமலை என்னும் விருத்தாசலம் என்கிறது தலபுராணம். நிலவியல் நூல்களைப் புரட்டினால் வரிசை தலைகீழாகிறது. திருவண்ணாமலைப் பாறைக்கு வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். விருத்தாசலம் வட்டாரக் கடற்படிவுகளோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கிரேட்டேசியஸ் காலத்தவை. திருவண்ணாமலைப் பாறையோடு ஒப்பிட்டால் மிக இளையவை. அரியலூர், புதுச்சேரிப் பக்கங்களிலும் இதே காலப் படிவுகள் உண்டு. அவற்றில் கிடைத்த அம்மோனைட் முதலிய உயிரினங்களின் புதைபடிவங்களைப் பற்றி நிலவியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860-களில் தொடங்கி விரிவாக எழுதினார். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859-இல்தான் வெளிவந்திருந்தது. இன்று அடியோடு அற்றுப்போன, ஓடுடைய மெல்லுடலிகளான அந்த அம்மோனைட்டுகள், உயிர்கள் மாறியும் மறைந்தும் வந்திருக்கின்றன என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் சான்று.

அப்படியானால் புராணம் பொய்யா என்று கேட்பார்கள். அது கற்களின் வயதைச் சொல்ல எழுந்த நூல் அன்று. மணிமுத்தாற்றங்கரைத் தலத்தின் பெருமையைச் சொல்ல எழுந்தது. தேவார மூவரும் பாடிய ஊரின் பண்பாட்டு வரலாற்றுக்கு அது அரிய ஆவணம். முன்னோர் நிலவியலை அன்றே அறிந்திருந்தார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. பாறைகளின் வரிசை அதற்கு இடம் தரவில்லை. புராணத்துக்கு அறிவியல் முத்திரை குத்துவது இரண்டுக்குமே செய்யும் அநீதி. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற, களிமண்ணை நுணுக்கமாக அறிந்த ஊர் இது. அந்த மண்ணின் வரலாற்றை எளிய தமிழில் சொல்லும் நூல்கள் ஊர் நூலகத்தில் தலபுராணத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆசிரியர்களே, அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.