பிஸ்டன் பம்பில் நீர்த்தொடர் ஏன் அறுகிறது?

பிஸ்டன் பம்பின் உறிஞ்சுகுழாயில் அழுத்தம் ஒரே அளவில் நிற்பதில்லை. உறிஞ்சும் வீச்சு தொடங்கும்போது குழாய் நீர் முழுவதும் சட்டென்று வேகமெடுக்க வேண்டும். அதற்காகும் அழுத்தத்தை நீரின் உயரமாகச் சொல்வதே முடுக்க உயரம். கணக்கு இதுதான்: (குழாய் நீளம் ÷ 9.81) × (பிஸ்டன் பரப்பு ÷ குழாய்ப் பரப்பு) × கோணவேகத்தின் வர்க்கம் × கிராங்க் ஆரம்.

நீளம் 5 மீட்டர், பரப்பு விகிதம் 4, ஆரம் 0.1 மீட்டர், நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் விடை சுமார் 8 மீட்டர். நீர்மட்டம் 3 மீட்டர் கீழே இருந்தால் மொத்தம் 11. வளிமண்டலம் தாங்குவதோ 10.3 மீட்டர்தான். நீர் ஆவியாகித் தொடர் அறும், பம்பு தடதடக்கும். சுற்றை 30 ஆக்கினால் முடுக்க உயரம் கால்வாசியாகி 2 மீட்டருக்கு இறங்கும். வேகமும் வேண்டுமென்றால் சிலிண்டருக்கு அருகே காற்றுக்கலம் பொருத்த வேண்டும். அதற்கு முந்தைய குழாயில் ஓட்டம் ஏறக்குறையச் சீராகிவிடும்.