சொன்ன சொல் காத்த பந்தாட்ட வீரர்

கல்முனைக் கடற்கரையிலே அந்தி சாயும் வேளையில் நடந்து செல்வோமானால், மணற்பரப்பெங்கும் சிறுவர்கள் பந்தடித்து விளையாடுவதைக் காணலாம். தென்னை மட்டைதான் துடுப்பு. நட்டு வைத்த குச்சிகள்தான் விக்கெட்டு. பந்து வீசுகிறவனையும் அடிக்கிறவனையும் எல்லாரும் பார்க்கின்றனர். ஆனால், வெகு தூரத்திலே, அலை வந்து காலை நனைக்கும் இடத்திலே, பந்து கடலுக்குள் போய்விடாமற் காப்பதற்கென்று நிறுத்தப்பட்ட பையனை எவரும் பொருட்படுத்துவதில்லை. அவ்வாறு களத்தின் கடைக்கோடியில் நின்றே உலகப் புகழ் பெற்ற ஒருவரின் வரலாற்றை வாசகர்களுக்கு இன்று கூற விரும்புகிறோம். அவர் பெயர் ரொபேர்ட்டோ கிளெமென்டே. அவர் ஆடிய ஆட்டம் பேஸ்பால்.

பேஸ்பால் நமக்குப் புதியது என்று எண்ண வேண்டுவதில்லை. நம் பாடசாலை மைதானங்களில் ஆடப்படும் எல்லே விளையாட்டை அறிந்தோர்க்கு அது பாதி தெரிந்த ஆட்டமே. எல்லேயில் மூங்கில் தடியாற் பந்தை அடித்துவிட்டு, நிலைகளைச் சுற்றி ஓடி வருகிறோம் அல்லவா? பேஸ்பாலிலும் அப்படியே. ஒன்பதின்மர் கொண்ட அணி. சதுரமாய் அமைந்த நான்கு நிலைகள். ஒரு நிலைக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி தூரம். நான்கையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். அந்நிலைகளுக்கு அப்பால், பரந்த புல்வெளியில் மூவர் நின்று, உயரப் பறந்து வரும் பந்துகளைப் பிடித்துத் திருப்பி எறிவர். அவர்களே வெளிக்களத் தடுப்பாளர்கள். அம்மூவருள்ளும் வலப்புறம் நிற்பவருக்கு மிகுந்த கைவலிமை வேண்டும். ஏனெனில், அவரிடத்திலிருந்து மூன்றாம் நிலைக்கு எறியும் தூரமே மிக நீண்டது. கிளெமென்டே நின்றது அந்த வலப்புறத்திலேதான்.

கரிபியன் கடலிலுள்ள போட்டோ ரிக்கோ என்னுந் தீவு 1898ஆம் ஆண்டு தொட்டு அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்டது. மக்கள் பேசுவது ஸ்பானிய மொழி. அத்தீவின் கரோலினா என்னும் ஊரில், 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 18ஆந் திகதி கிளெமென்டே பிறந்தார். தந்தையார் மெல்சோர், கரும்புத் தோட்டத்திலே கங்காணி வேலை பார்த்தவர். நம் ஹிங்குரானைப் பகுதியிலே கரும்பு வெட்டும் காட்சியைக் கண்டவர்களுக்கு அவ்வுழைப்பின் கடுமையை விளக்கத் தேவையில்லை. தாயார் லூயிசா வீட்டு வேலைகளோடு, பிறர் துணிகளை வெளுத்துக் கொடுத்தும் குடும்பத்தைத் தாங்கினார். வீட்டில் ரொபேர்ட்டோதான் கடைக்குட்டி.

சிறுவனுக்கு ஒரு துவிச்சக்கர வண்டி மீது ஆசை பிறந்தது. வாங்கிக் கொடுக்க வீட்டில் வசதியில்லை. எனவே, அயல் வீட்டாருக்குப் பாற்பாத்திரம் சுமந்து கொடுத்து, காசு காசாகச் சேமித்து, பழைய வண்டியொன்றைத் தானே வாங்கினான். உழைத்துப் பெற்றாலன்றி எதுவும் தனதாகாது என்ற பாடம் அவ்வயதிலேயே அவன் உள்ளத்திற் பதிந்து விட்டது.

விளையாட்டுச் சாமான்களுக்கும் அதே நிலைமைதான். மரக்கிளையை வெட்டிச் சீவியது துடுப்பு. நூலையும் துணியையும் உருட்டிக் கட்டியது பந்து. சுவரில் ரப்பர்ப் பந்தை எறிந்து பிடிப்பதும், அதை ஓயாது கைக்குள் அழுத்திக் கொண்டிருப்பதும் அவனுக்கு வழக்கமாயின. மாரிகால ஆட்டங்களுக்காக அமெரிக்காவிலிருந்து வந்த மொன்டி இர்வின் என்ற கறுப்பின வீரரே அவனுக்கு ஆதர்சம். அவரும் வெளிக்களத் தடுப்பாளரே. மைதான வாயிலில் காத்து நிற்கும் சிறுவனிடம் இர்வின் தமது கையுறையைச் சுமக்கக் கொடுத்து, கட்டணமின்றி உள்ளே அழைத்துச் செல்வாராம். பெரியவர் ஒருவரின் சிறு அன்பு ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்கு எத்துணை உரமாகின்றது!

உயர்தரப் பாடசாலையில் அவர் ஈட்டி எறிதலிலும் வல்லவராய் விளங்கினார். பின்னாளில் அவர் கையிலிருந்து பந்து அம்பெனப் பாய்ந்ததற்கு இப்பயிற்சியும் ஒரு காரணமாகும். பதினான்கு வயதளவில், ரொபேர்ட்டோ மரின் என்ற ஆசிரியர் அச்சிறுவனின் திறமையைக் கண்டு, அரிசிக் கம்பனியொன்றின் ஆதரவில் ஆடிய அணியிற் சேர்த்தார். தாயாருக்கோ மகன் பொறியியலாளராக வேண்டுமென்பதே கனவு. நம் ஊரின் வாப்பாமாரும் உம்மாமாரும் தம் பிள்ளைகளைக் குறித்துக் காணும் கனவும் அதுவே அன்றோ? அந்தத் தாய் எண்ணிய பட்டம் மகனுக்குக் கிட்டவில்லை. ஆனால், பட்டத்திலும் பெரியதொன்றை அவர் மகனுக்கு ஊட்டியிருந்தார் என்பதைப் பின்னர் காண்போம்.

1952ஆம் ஆண்டு ஒக்டோபரில், பதினெட்டு வயதில், சான்டூர்சே என்ற தொழின்முறை அணி அவரை ஒப்பந்தஞ் செய்தது. அதே ஆண்டில் புரூக்ளின் டொட்ஜர்ஸ் கழகம் தீவிலே நடத்திய தேர்வுக்கு இளைஞர் பலர் வந்தனர். அவர்களுள் கிளெமென்டே, 60 யார் தூரத்தை 6.4 வினாடியில் ஓடி, வெளிக்களத்திலிருந்து பந்தை நேராக எறிந்து காட்டித் தேர்வாளரை வியக்க வைத்தார். 1947இல் ஜாக்கி ரொபின்சன் என்ற கறுப்பின வீரரைச் சேர்த்து, பெரிய கழகங்களில் நிலவிய நிறத்தடையை உடைத்தது இந்த டொட்ஜர்ஸ் கழகமே.

1954ஆம் ஆண்டு பெப்ரவரியில் அக்கழகம் 10,000 டொலர் சன்மானமும் 5,000 டொலர் சம்பளமும் தருவதாகக் கூறியது. கிளெமென்டே சம்மதித்து விட்டார். பின்னர் மில்வாக்கி அணி அதனிலும் பன்மடங்கு கூடிய தொகையோடு முன்வந்தது. கையெழுத்து இன்னும் இடப்படவில்லை, வறிய வீடு, வலிய வந்த செல்வம். என்ன செய்வதென்று மகன் தாயைக் கேட்டார். வாக்குக் கொடுத்திருந்தால் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதே லூயிசாவின் விடை. மகனும் குறைந்த தொகைக்கே கையெழுத்திட்டார். நாம் மேலே குறிப்பிட்ட பெரிய சொத்து இதுதான்.

ஆனால், வாக்குக் காத்தவருக்கு உடனே பலன் கிட்டிவிடவில்லை. டொட்ஜர்ஸ் அவரைத் தமது பெரிய அணியிற் சேர்க்காமல், கனடாவிலுள்ள மொன்றியல் கிளை அணிக்கு அனுப்பியது. குளிர் நாடு, புரியாத பாஷை. அத்துடன் ஆட வாய்ப்பும் அரிதாகவே கிடைத்தது. அப்பருவம் முழுவதிலும் 87 ஆட்டங்களிலேயே அவர் இறங்கினார். அக்காலத்து விதியொன்றை இங்கே கூற வேண்டும். 4,000 டொலருக்கு மேற் சன்மானங் கொடுத்துச் சேர்த்த இளைஞரைக் கிளை அணியில் வைத்தால், ஆண்டிறுதியில் வேறு கழகம் அவரைக் குறைந்த விலைக்கு எடுத்துக் கொள்ளலாம். முந்திய பருவத்தில் கடைசி இடம் பெற்ற கழகத்துக்கே முதல் உரிமை. கடைசியில் நின்ற பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகத்தின் தேர்வாளர் கிளைட் சுக்ஃபோர்த், மைதானத்தில் பயிற்சி வேளையிலேயே அவருடைய எறியும் வலிமையைக் கண்டு கொண்டார். 1954 நவம்பர் 22ஆந் திகதி, வெறும் 4,000 டொலருக்கு கிளெமென்டே பிட்ஸ்பேர்க்கின் வீரரானார்.

அடுத்த ஏப்ரல் 17ஆந் திகதி முதல் ஆட்டம் ஆடினார். எதிரணி எது தெரியுமா? அவரைக் கைவிட்ட டொட்ஜர்ஸே! எனினும் தொடக்க ஆண்டுகள் இன்பமாயிருக்கவில்லை. வாகன விபத்தொன்றில் நேர்ந்த முதுகுவலி அவரை வாழ்நாள் முழுதும் வருத்தியது. பயிற்சிக்காக புளோரிடா மாநிலத்துக்குச் சென்றபோது, வெள்ளை வீரர்கள் விடுதியில் தங்க, கறுப்பு நிறத்தவரான அவர் தனியார் வீடுகளில் தங்க நேர்ந்தது. வழியில் மற்றவர்கள் உணவுச் சாலைக்குள் சென்று உண்ண, அவரும் அவரையொத்தவரும் பஸ்ஸிலே காத்திருக்க வேண்டியதாயிற்று. இதை அவர் பொறுத்துக் கொள்ளவில்லை. எங்களுக்குத் தனி வாகனம் தருக என்று நிருவாகத்திடம் வாதாடிப் பெற்றார்.

பெயரிலுங்கூட அவருக்கு ஒரு போராட்டம் இருந்தது. பத்திரிகைக்காரரும் படச்சீட்டு அச்சிடுவோரும் அவரை “பொப்” என்று சுருக்கி அழைத்தனர். அவருடைய ஆங்கில உச்சரிப்பின் பிழைகளை அப்படியே எழுத்திலே வடித்து, வாசகர் நகைக்கச் செய்தோரும் உண்டு. தம் பெயர் ரொபேர்ட்டோ என்று அவர் ஓயாது எடுத்துரைத்தார். பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற நம்மவர் பலர், தம் பெயர் பிறர் வாயிற் சிதைவதைக் கேட்டவரே. அவர்களுக்கு இவ்வருத்தம் நன்கு விளங்கும். அவர் சட்டையிலே தரித்த இலக்கம் 21. தந்தை வழிப் பெயரும் தாய் வழிப் பெயரும் சேர்ந்த அவரது முழுப் பெயரில் 21 எழுத்துகள் இருந்தமையே அதற்குக் காரணம் என்பர்.

1960ஆம் ஆண்டு பிட்ஸ்பேர்க், 35 ஆண்டுகளுக்குப் பின் உலகத் தொடரை வென்றது. ஏழு ஆட்டங்களிலும் கிளெமென்டே பந்தை வெற்றிகரமாக அடித்திருந்தார். இருந்தும், அவ்வாண்டின் சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது எட்டாம் இடமே. மனம் நொந்தாலும் அவர் சோர்ந்து விடவில்லை. 1961, 1964, 1965, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் துடுப்பாட்டச் சராசரியில் முதலிடம் பெற்றார். 1966இல் சிறந்த வீரர் விருதும் வந்தது. வெளிக்களத் தடுப்புக்கான தங்கக் கையுறை விருதினை 1961 முதல் 1972 வரை தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் பெற்றார்.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அவருடைய வாழ்நாட் சராசரி 0.317 ஆகும். அதாவது, ஆயிரம் முறை துடுப்பெடுத்தால் 317 முறையே வெற்றி. பத்துக்கு ஏறக்குறைய ஏழு தடவை தோற்றவரைத்தான் அவ்வாட்டத்தின் மேதைகளுள் ஒருவர் என்று உலகம் போற்றுகின்றது. ஒரு பரீட்சையிலே தவறிவிட்டதும் உலகமே இருண்டதென எண்ணும் பிள்ளைகள் இதைச் சிந்திப்பார்களாக.

1971இல் மீண்டும் உலகத் தொடர். முப்பத்தேழு வயதான கிளெமென்டே 0.414 சராசரியோடு தொடரின் சிறந்த வீரராகத் தெரிவானார். வெற்றிக்குப் பின் தொலைக்காட்சியார் ஒலிவாங்கியை நீட்டியபோது, அமெரிக்கா முழுவதும் பார்த்துக் கொண்டிருக்க, அவர் முதலிற் பேசியது ஸ்பானிய மொழியிலே. கேட்டது தம் பெற்றோரின் ஆசியையே. 1972 செப்டம்பர் 30ஆந் திகதி தமது 3,000ஆவது வெற்றி அடியை அடித்தார். அதுவே அப்பருவ ஆட்டங்களில் அவரது கடைசி வெற்றி அடியுமாயிற்று.

அவ்வாண்டு டிசம்பர் 23ஆந் திகதி, நிக்கராகுவா நாட்டின் தலைநகர் மனாகுவாவைப் பூகம்பம் சிதைத்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சில வாரங்களுக்கு முன்னரே போட்டோ ரிக்கோ அணியுடன் அங்கு சென்று தங்கியிருந்த கிளெமென்டே, தெருத் தெருவாகவும் வீடு வீடாகவும் உதவி திரட்டி அனுப்பினார். அனுப்பிய பொருள்கள் துயருற்றோரைச் சேராமல், இராணுவத்தார் கைக்குப் போவதாகச் செய்தி வந்தது. தாமே நேரிற் சென்றால் பொருள் உரியவர் கையிற் சேரும் என்று துணிந்து, டிசம்பர் 31ஆந் திகதி இரவு, அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றிய பழைய விமானமொன்றில் ஏறினார். புறப்பட்ட சிறிது நேரத்தில் அது கடலில் வீழ்ந்தது. விமானத்திலிருந்த ஐவரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கிளெமென்டேயின் உடல் இறுதிவரை கிடைக்கவில்லை. அவருக்கு வயது 38. வீட்டிலே மனைவி வேராவும் மூன்று சிறு மைந்தரும் இருந்தனர்.

இச்செய்தியை நம் கரையோர மக்கள் வெறுங் கதையாகக் கேட்க முடியாது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி, மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கடல் கொண்டு போனவர்களை நாம் மறந்தோமா? கண் காணாத ஊர்களிலிருந்தெல்லாம் அரிசியும் உடுப்பும் மருந்தும் வந்தன. ஒரு மூட்டை அரிசி துறைமுகத்தை அடைவது வேறு. பசித்தவன் பானையைச் சேர்வது வேறு என்பதை அந்நாட்களில் நம்மவர் நன்கறிந்தனர். அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஒரு மனிதர் புத்தாண்டு இரவையும் மனைவி மக்களையும் விட்டு விமானம் ஏறினார்.

வழக்கமாக விதிக்கப்படும் ஐந்தாண்டுத் தவணையைத் தளர்த்தி, 1973இலேயே பேஸ்பால் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக் கொண்டது. லத்தீன் அமெரிக்க நாட்டவருள் அச்சிறப்பை முதலிற் பெற்றவர் அவரே. ஆட்டத்தோடு பொதுத் தொண்டும் புரியும் வீரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருது அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

நம் தேசங்களுக்கும் இக்கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2008ஆம் ஆண்டில், உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் பிறந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரு இந்திய வாலிபர்கள், பந்தெறியும் போட்டியொன்றில் தேறி அமெரிக்கா சென்று தொழின்முறை ஒப்பந்தம் பெற்றனர். இருவரும் கிளெமென்டேயைப் போலவே ஈட்டி எறிந்து பயின்றவர்கள். அவர்களைச் சேர்த்த கழகமும் அதே பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ்தான்!

பிள்ளை விளையாடப் போகிறேன் என்றால் படிப்புக் கெடுமே என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தை நாம் குறை கூறவில்லை. எல்லாச் சிறுவரும் கிளெமென்டே ஆகிவிடப் போவதுமில்லை. ஆனால், அவருடைய தாயார் மகனுக்குக் கொடுத்தது பந்துமல்ல, துடுப்புமல்ல. கொடுத்த வாக்கைக் காக்கும் குணத்தையே. அதை எந்தப் பெற்றோரும் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். அதற்குச் செலவொன்றும் இல்லை. களத்தில் நின்றாலென்ன, கல்விக்கூடத்தில் அமர்ந்தாலென்ன, அக்குணம் உள்ள பிள்ளையால் வீட்டுக்கும் ஊருக்கும் நன்மையே விளையும்.