முடக்கு வாதத்தின் அரிய தோல் வெளிப்பாடுகள்

முடக்கு வாதத்தின் அரிய தோல் வெளிப்பாடுகள் என்பன, தன்னெதிர்ப்பு நோயான முடக்கு வாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) கடுமையடையும்போது தோலில் தோன்றும் புண்கள், திசு அழுகல் முதலியவற்றைக் குறிக்கும். முழங்கை போன்ற அழுத்தம் படும் இடங்களில் தோன்றும் வலியற்ற முடிச்சுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு நோயாளருக்குக் காணப்படுவதால் அவை அரியன அல்ல.

குருதிக்குழாய் அழற்சி

நோய் எதிர்ப்புப் பொருட்கள் சிறு குருதிக்குழாய்களின் சுவரில் படிந்து அழற்சியை உண்டாக்க, குருதியோட்டம் தடைப்பட்டுத் திசு இறக்கிறது. பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் நோயுற்றவர்களுக்கும், குருதியில் முடக்கு வாதக் காரணி மிகுந்தவர்களுக்கும் இது வருகிறது. புகைப்பிடித்தல் வாய்ப்பைக் கூட்டும். நக ஓரத்தில் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் மட்டும் இருப்பின் பெரும் தீங்கில்லை. விரல் நுனி கறுத்தல், கணுக்காலில் ஆழ்ந்த புண், பாதம் தொங்கிப்போதல் ஆகியன உடனடி மருத்துவம் வேண்டுவன. இதற்கு ஸ்டீராய்டுடன் சைக்குளோபாசுபமைடு அல்லது ரிட்டுக்சிமாப் அளிக்கப்படுகிறது.

பயோடெர்மா காங்கிரினோசம்

1930இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் இதனை விவரித்தனர். பெயர் எவ்வாறு இருப்பினும் இது கிருமித் தொற்று அன்று. சிறு கொப்புளமாகத் தொடங்கி, ஊதா நிற விளிம்புடன் விரைந்து பரவும். வலி மிகக் கடுமையானது. காயப்படுத்தினால் புண் பெரிதாகும் என்பதே இதன் தனித்தன்மை. ஆகவே தொற்றெனக் கருதிப் புண்ணைச் சுரண்டி அகற்றும் அறுவை மருத்துவம் நிலைமையை மோசமாக்கிவிடக்கூடும். இதனை உறுதிசெய்யத் தனிச் சோதனை ஏதுமில்லை. திசு ஆய்வு பிற நோய்களை விலக்கவே பயன்படுகிறது.

தவறாக இனங்காணல்

திருப்பூரை அடுத்த வீரபாண்டி போன்ற பின்னலாடைத் தொழிற்பகுதிகளில் நெடுநேரம் நின்று பணிபுரிவோர் பலர். அவர்களுக்குக் கணுக்காலில் புண் வந்தால் நரம்புச் சுருட்டல் அல்லது சர்க்கரை நோய் எனக் கொள்வது இயல்பே. மூட்டுவலி உண்டா என்று கேட்கப்படாவிடில் உண்மைக் காரணம் மறைந்துவிடும். தொழுநோயும் மூட்டு வீக்கம், தோல் முடிச்சு இரண்டையும் தரும். சிலரிடம் முடக்கு வாதக் காரணியும் நேர்மறையாக இருக்கும். பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கியதாக இந்தியா 2005இல் அறிவித்த பின்னரும் புதிய நோயாளர்கள் கண்டறியப்படுவதால், உணர்ச்சியற்ற தேமல் உள்ளதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

மருந்தினால் வருவன

மெத்தோட்ரெக்சேட் மூட்டு வீக்கத்தைத் தணிக்கும்போதே, சிலருக்கு விரல்களில் சிறு முடிச்சுகள் விரைந்து பெருகுவது ஒரு விந்தை. இம்மருந்து வாரத்திற்கு ஒருநாள் மட்டுமே உட்கொள்ளப்படுவது. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிரிழப்பும் நேரலாம். வாய்ப்புண்ணும் தோல் புண்ணும் அதன் முன்னறிகுறிகளாகும்.