பழைய டிராக்டரின் பின்னச்சு

நெசவாளருக்கும் ஓர் அச்சு உண்டு. உழவருக்கும் ஓர் அச்சு உண்டு. தறியிலே பாவிழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சில் ஒரு பல் வளைந்துவிட்டால், அவ்விடத்து இழை அடிக்கடி அறும். அறுந்த இழையை முடிந்துகொண்டே இருப்பதால் பயனில்லை. வளைந்த பல்லை நிமிர்த்த வேண்டும். டிராக்டரின் பின்னச்சுக்கும் இதே நியாயம் பொருந்தும். முறிந்ததை மாற்றுவது எளிது. அது முறிந்த காரணத்தை அறிவதே முதன்மையானது.

செவிலிமேடு 2011-ஆம் ஆண்டில் காஞ்சி நகரோடு இணைந்தது. ஆயினும் பாலாற்றங்கரை உழவர்களோடு அதற்குள்ள உறவு அற்றுப்போகவில்லை. நடவுப் பருவத்தில் டிராக்டர் நின்றுவிட்டால் சேறு இறுகும், நாற்று முற்றும். அந்த அவசரத்தில் கிடைத்த ஷாஃப்டை மாட்டிக்கொண்டு வயலுக்குத் திரும்புவதும், சில நாளில் மீண்டும் பட்டறைக்கு வருவதும் நாம் காணாத காட்சிகள் அல்ல.

எஞ்சினின் விசை டிஃபரன்ஷியல் வழியே இரண்டு அரையச்சுகளுக்குப் பிரிந்து சக்கரங்களைச் சுழற்றுகிறது. அதே அச்சுகள் வண்டியின் பாரத்தையும் தாங்குகின்றன. சேற்றுழவுக்கு கேஜ் வீல் பூட்டும்போது சுமை சக்கரத்துக்கு வெளிப்புறம் தள்ளிப்போவதால், அச்சின் மீதும் வெளிப் பேரிங்கின் மீதும் வளைக்கும் விசை கூடுகிறது. சேறும் நீரும் ஆயில் சீலை அரிக்கின்றன. டிஃபரன்ஷியல் லாக்கை விடுவிக்காமல் வண்டியைத் திருப்பினால் அச்சு முறுக்கேறுகிறது.

பழுது சொல்லாமல் வருவதில்லை. டயரின் உட்புறத்தில் எண்ணெய்க் கசிவு, ஓட்டும்போது இரைச்சல், சக்கரத்தை உயர்த்தி அசைத்தால் ஆட்டம், வடித்த எண்ணெயில் இரும்புத் துகள் ஆகியவை அதன் அறிகுறிகள். பல பழைய வகைகளில், கசிந்த எண்ணெய் பிரேக் லைனிங்கை நனைத்துவிடும். அப்போது ஒரு சக்கரம் நிற்கும், மற்றது நில்லாது. பாரம் ஏற்றிய டிரெய்லரோடு சாலையில் செல்லும்போது இது உயிருக்கே ஆபத்து. சாலைக்கு வருமுன் இடது, வலது பிரேக் மிதிகளை ஒன்றாக இணைக்கும் கொக்கியைப் பூட்டவும் மறத்தல் கூடாது.

கசிவு கண்டவுடன் சீலை வாங்க ஓட வேண்டாம். முதலில் பின்னச்சுக் கூட்டின் மூச்சுத் துளையைப் பாருங்கள். அது மண்ணால் அடைபட்டால், சூடேறிய காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். துளையைத் துடைப்பதற்குச் செலவே இல்லை. எண்ணெய் அளவுக்கு மிஞ்சி உள்ளதா என்பதையும் காணவும். அதன் பிறகும் கசிந்தால் திறக்கலாம். சீல் உராயும் இடத்தில் அச்சு பள்ளம் விழுந்திருந்தால், புதிய சீலும் நெடுநாள் நில்லாது. பேரிங்கைச் சுத்தியால் அடித்து ஏற்றாமல், அழுத்துக் கருவியால் ஏற்ற வேண்டும். முறிந்த ஷாஃப்டை வெல்டிங் செய்து ஓட்டுவது கூடவே கூடாது. பதப்படுத்திய எஃகு அச்சூட்டில் தன் பதத்தை இழந்துவிடும்.

"தடித்த அச்சாகப் போட்டால் முறியாதே" என்பர் சிலர். அச்சு மட்டும் வலுத்தால், அடுத்து நொறுங்குவது பல்சக்கரமாகவோ பேரிங்காகவோ இருக்கும். திருவாரூர் ஆழித்தேர் இதற்கு நல்ல சான்று. 1948-க்குப் பின் ஓடாது நின்ற அத்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு அச்சுகளோடு சக்கரங்களையும் நீரழுத்த பிரேக்கையும் சேர்த்தே அமைத்தனர். 1970-இல் தேர் மீண்டும் ஓடியது. அச்சு, சக்கரம், பிரேக் மூன்றையும் ஒருங்கே எண்ணியதே அங்குள்ள பாடம். ஆதலால் அந்தந்த வகைக்கு உரிய ஷாஃப்ட், நல்ல பேரிங், புதிய சீல், சீரான பிரேக் ஆகியவற்றை ஒருசேரப் பொருத்துவதே உண்மையான மேம்பாடு.

பேரிங் கழற்றும் கருவியும், மரையை அளவோடு முடுக்கும் சாவியும் தனியொருவர் வாங்கத் தக்கவை அல்ல. ஆண்டில் சில நாளே அவற்றுக்கு வேலை. பலர் சேர்ந்து வாங்கிச் சங்கத்தில் வைத்தால் எல்லோருக்கும் உதவும். தேவையை ஒன்றுகூட்டிச் செலவைப் பகிர்வதுதானே கூட்டுறவு! அடுத்த உழவுக்கு முன்னரே உறுப்பினர்கள் இதனை ஆலோசிப்பார்களாக.