சிபி அலைவரிசைக்கு ஹாம் கருவி ஏற்றதா?

அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் சிபி வானொலியும், தேர்வெழுதி உரிமம் பெற்றவர்கள் உலகெங்கும் தொடர்புகொள்ளும் ஹாம் வானொலியும் அலைவரிசையில் ஏறத்தாழ அடுத்தடுத்த வீடுகளில் குடியிருப்பவை. சிபி எனப்படும் குடிமக்கள் அலைவரிசை 26.965 மெகாஹெர்ட்ஸ் முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. ஹாம் வானொலியின் 10 மீட்டர் அலைவரிசை 28 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 29.7 வரை செல்கிறது. இடைவெளி இவ்வளவு குறைவாக இருப்பதால், நூறு வாட் ஆற்றலும் வண்ணத்திரையும் கொண்ட ஒரு ஹாம் டிரான்ஸீவரை, அதாவது ஒலிபரப்பும் பகுதியும் ஏற்கும் பகுதியும் ஒரே பெட்டிக்குள் அமைந்த கருவியை, சிபியில் பயன்படுத்தினால் என்ன என்ற கேள்வி அந்நாட்டு ஆர்வலர்களிடையே ஓயாமல் எழுந்துகொண்டே இருக்கிறது. எந்தக் கருவி சிறந்தது என்று பட்டியலிடுவதற்கு முன், அப்படிப் பயன்படுத்தலாமா என்பதையும், பயன்படுத்தினால் உண்மையில் எவ்வளவு ஆதாயம் என்பதையும் ஆராய வேண்டியுள்ளது.

இவ்விரண்டு சேவைகளுக்கும் இடையிலான உறவு பழமையானது. இன்று சிபி இருக்கும் 11 மீட்டர் பகுதி 1958 வரை அமெரிக்காவில் ஹாம் வானொலியாளர்களின் கையில்தான் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம், அதாவது எஃப்.சி.சி., அதனை அவர்களிடமிருந்து எடுத்து, சிறு வணிகர்களும் குடும்பத்தினரும் தேர்வு எழுதாமலே பயன்படுத்தத்தக்க 23 சேனல்களாக அமைத்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும், அதைத் தொடர்ந்து மணிக்கு 55 மைல் என விதிக்கப்பட்ட வேக வரம்பும் லாரி ஓட்டுநர்களைச் சிபியின்பால் திருப்பின. பெட்ரோல் கிடைக்கும் நிலையம் எது, காவலர் காத்திருக்கும் வளைவு எது என்பன போன்ற செய்திகள் அதன் வழியே பரவின. கூட்டம் பெருகியதால் 1977 ஜனவரி 1 முதல் சேனல்கள் 40 ஆக உயர்த்தப்பட்டன. 1983இல் உரிமம் பெற வேண்டிய கட்டாயமும் நீக்கப்பட்டது. இவ்வரலாற்றின் தடம் சேனல் எண்களில் இன்றும் தெரிகிறது. பழைய 23ஆம் சேனல் 27.255 மெகாஹெர்ட்ஸில் இருந்ததால், பின்னர் சேர்க்கப்பட்ட 24, 25 ஆகிய சேனல்கள் அதற்குக் கீழே 27.235, 27.245 எனும் இடங்களில் செருகப்பட்டன. ஆகவே எண் வரிசையும் அதிர்வெண் வரிசையும் அந்த இடத்தில் பொருந்துவதில்லை. சேனல் எண்ணே இல்லாமல் அதிர்வெண்ணை மட்டும் காட்டும் ஹாம் கருவியைத் திருப்புபவர் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

சட்டத்தின் நிலை ஐயத்திற்கு இடமற்றது. அமெரிக்காவில் சிபியில் ஒலிபரப்பும் கருவி, அச்சேவைக்கெனச் சோதித்துச் சான்றளிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஹாம் கருவிகள் அச்சான்றைப் பெறுவதில்லை. ஹாம் வானொலியாளர் தாமே கருவியைக் கட்டவும் மாற்றவும் உரிமையுடையவர் என்பதால் அவருடைய கருவிக்கு அத்தகைய சான்று தேவைப்படுவதுமில்லை. எனவே எவ்வளவு உயர்ந்த கருவியாயினும், ஆற்றலை 4 வாட்டுக்கே குறைத்து வைத்தாலும், சான்றில்லாத கருவியால் சிபியில் பேசுவது விதிமீறலே ஆகும். அபராதத்திற்கும் அது வழிவகுக்கும், உரிமம் பெற்ற ஹாம் வானொலியாளராயின் அவ்வுரிமத்தையே பணயம் வைப்பதாகவும் அமையும். கேட்பதற்கு மட்டும் தடையில்லை. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டால், ஹாம் கருவியின் உண்மையான இடம் எது என்பது பின்னர் எளிதில் விளங்கும்.

தொழில்நுட்ப நோக்கில் மட்டும் பார்த்தால், ஹாம் கருவி 27 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதற்குப் பெரிய தடை எதுவும் இல்லை என்பது உண்மையே. ஒலிபரப்பில் எழும் தேவையற்ற துணை அலைகளை வடிகட்டும் பகுதி, பெரும்பாலான ஹாம் கருவிகளில் 24 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஒன்றாகவே அமைந்துள்ளது; சிபி இப்பகுதிக்குள் வந்துவிடுகிறது. ஹாம் எல்லைக்கு வெளியே ஒலிபரப்பு நிகழாதபடி தடுப்பது தொழிற்சாலையில் வைக்கப்படும் ஒரு டயோடோ மின்தடையோ மட்டுமே. அதனை நீக்குவதற்கு, இராணுவத்திற்குத் துணைபுரியும் தன்னார்வ வானொலி அமைப்பான மார்ஸ் என்பதன் பெயரால் ‘மார்ஸ் மாற்றம்’ என்றே வழக்கு ஏற்பட்டுள்ளது. அவ்வமைப்பின் உறுப்பினர்கள் ஹாம் எல்லைக்கு வெளியேயுள்ள இராணுவ அதிர்வெண்களில் பேச வேண்டியிருந்ததால் எழுந்த நடைமுறை அது; சிபியில் பேசுவதற்கு அது எவ்வித அனுமதியையும் தருவதில்லை.

ஆதாயம் பற்றிய கணக்கில்தான் பலரும் ஏமாறுகின்றனர். சிபியில் சட்டம் அனுமதிக்கும் ஆற்றல், வீச்சுப் பண்பேற்றமான ஏ.எம். முறையில் 4 வாட். சுமப்பலையையும் ஒரு பக்கப்பட்டையையும் நீக்கிவிட்டு எஞ்சிய பட்டையை மட்டும் அனுப்பும் எஸ்.எஸ்.பி. முறையில் உச்ச அளவாக 12 வாட். ஹாம் கருவியின் 100 வாட்டோடு ஒப்பிட்டு, இருபத்தைந்து மடங்கு என்று கருதுவோர் உண்டு. ஆனால் வானொலி அலையின் வலிமை மடக்கை அளவில்தான் உணரப்படுகிறது: 4 வாட்டிலிருந்து 100 வாட்டுக்கு உயர்வது 14 டெசிபல் மட்டுமே, ஏற்கும் கருவியின் எஸ்-மீட்டரில் ஒரு படி 6 டெசிபல் என்பதால் முள் இரண்டு படிக்குச் சற்று மேல் ஏறும், அவ்வளவுதான். எஸ்.எஸ்.பி.யில் 12 வாட்டிலிருந்து 100 வாட்டுக்கு ஏறுவது ஒன்றரைப் படி. ஏ.எம். முறையிலோ இந்த ஆதாயமும் முழுமையாகக் கிட்டுவதில்லை. ஏ.எம். அலையில் பேச்சின் உச்சத்தில் ஆற்றல் சுமப்பலையைப் போல் நான்கு மடங்காக உயர்வதால், 100 வாட் கருவி சுமப்பலையை 25 வாட்டுக்கு மேல் தர இயலாது. அவ்வளவு தந்தாலும் சிபிக் கருவியைவிட 8 டெசிபல்தான் மிகுதி. சில ஹாம் கருவிகளில் குறைக்கத்தக்க மிகச் சிறிய அளவே 5 வாட் என்பதையும் இங்குச் சேர்த்து எண்ண வேண்டும்.

உண்மையான மேன்மை வேறோரிடத்தில் உள்ளது. அது அதிகம் பேசப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது. சிபிக் கருவியின் அதிர்வெண் பத்து இலட்சத்தில் 50 பங்கு வரை விலகலாம் என்று விதி இடமளிக்கிறது. 27 மெகாஹெர்ட்ஸில் அது 1,350 ஹெர்ட்ஸ் ஆகும். ஏ.எம். முறையில் இவ்விலகல் காதுக்குத் தெரியாது. எஸ்.எஸ்.பி. முறையிலோ நூறு ஹெர்ட்ஸ் மாறினாலே பேசுபவரின் குரல் கீச்சென்றோ கட்டைக்குரலாகவோ ஒலிக்கத் தொடங்கும்; அதனால்தான் எஸ்.எஸ்.பி. வசதியுள்ள சிபிக் கருவிகளில் ‘கிளாரிஃபையர்’ என்ற நுண்திருகு வைக்கப்படுகிறது. ஐகாம் ஐசி-7300, யேசு எஃப்டி-891 போன்ற ஹாம் கருவிகளில் இந்த விலகல் பத்து இலட்சத்தில் அரைப் பங்கு, அதாவது ஏறத்தாழ 14 ஹெர்ட்ஸ் மட்டுமே. இதனுடன், அருகில் நிற்கும் லாரியின் வலிய அலை மெல்லிய தொலைதூரக் குரலை விழுங்கிவிடாதபடி காக்கும் ஏற்புத்திறன், விரும்பிய அகலத்திற்கு ஒடுக்கத்தக்க வடிகட்டி, எண்ணிம முறையில் இரைச்சலைக் குறைக்கும் வசதி, அலைவரிசை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் திரை ஆகியனவும் சேரும்போது, கேட்கும் கருவியாக ஹாம் டிரான்ஸீவருக்கு இணை இல்லை. சாலைத் தகவலுக்கான 19ஆம் சேனலின் 27.185, அவசரத்திற்கான 9ஆம் சேனலின் 27.065, எஸ்.எஸ்.பி. அழைப்புக்கு வழக்கமான 38ஆம் சேனலின் 27.385 ஆகியவற்றை நினைவகத்தில் பதித்துவிட்டால், சேனல் எண் இல்லாத குறையும் தீர்ந்துவிடும்.

பேசுவதில் தூரத்தைத் தீர்மானிப்பது பெட்டியன்று, ஆன்டெனாவே. 11 மீட்டர் அலைநீளத்தின் கால்பங்கு உயரமுள்ள கம்பி சுமார் 2.6 மீட்டர் இருக்கும். காரின் கூரையில் பொருத்துவதற்காக ஒரு மீட்டருக்கும் குறைவாகச் சுருக்கப்பட்ட ஆன்டெனா அதன் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. 10 மீட்டருக்கென அமைக்கப்பட்ட ஆன்டெனாவோ 27 மெகாஹெர்ட்ஸுக்குச் சில சென்டிமீட்டர் குட்டையானது. அனுப்பிய ஆற்றலின் ஒரு பகுதி திரும்பி வரும். ஹாம் கருவிகள் பலவற்றில் உள்ளிருக்கும் டியூனர் இவ்வேற்றுமையைக் கருவிக்குத் தெரியாமல் மறைக்குமே தவிர, ஆன்டெனாவை நல்லதாக மாற்றிவிடாது. மின்சாரமும் கவனிக்கத்தக்கது: சிபிக் கருவி இரண்டு ஆம்பியர் அளவில் நிறைவடையும்போது, 100 வாட் ஹாம் கருவி முழு ஆற்றலில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். காரில் சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து அதனைப் பெற முனைந்தால் ஃபியூஸ் உருகும் அல்லது கம்பி சூடேறும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கம்பியை ஃபியூஸுடன் இழுப்பதே பாதுகாப்பான முறை.

சந்தையில் இன்னொரு வகைக் கருவியும் உண்டு. அவை ‘10 மீட்டர் ஹாம் கருவி’ என்ற பெயரில் விற்கப்படும்; ஆனால் முகப்பில் சேனல் திருகும், உள்ளே ஒரு கம்பியை வெட்டினால் 27 மெகாஹெர்ட்ஸில் பேசத் தொடங்கும் அமைப்பும் இருக்கும். எளிதில் மாற்றத்தக்க இத்தகைய கருவிகளைச் சிபிக் கருவிகளாகவே கருதி, சான்றின்றி விற்பது குற்றம் என்று எஃப்.சி.சி. அறிவித்துள்ளது. சிபியில் ஆற்றல் பெருக்கியை இணைப்பதும் முற்றாகத் தடைசெய்யப்பட்டதே. இவ்வகைக் கருவிகளைத் திருத்தி விற்பவர்கள் சிலர் பண்பேற்றத்தின் எல்லையைக் காக்கும் பகுதியையும் துண்டித்துவிடுவதால், ஒரு சேனலில் பேசுபவரின் குரல் அடுத்தடுத்த சேனல்களிலும் சிதறிப் பிறர் பேச்சைக் கெடுக்கிறது. பொதுவான ஒரு வெளியைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் சேவையில் இதைவிடப் பெரிய கேடு இல்லை.

சிபியின் மீது அண்மைக் காலத்தில் தளர்ந்த கட்டுப்பாடுகளையும் இங்கு நினைவுகூரலாம். 250 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருடன் பேசக் கூடாது என்ற பழைய தடை 2017ஆம் ஆண்டின் விதித் திருத்தத்தில் நீக்கப்பட்டது, 2021இல் எஃப்.எம். முறையும் அனுமதிக்கப்பட்டது. சூரியனின் செயல்பாடு உச்சத்தை எட்டும் ஆண்டுகளில் வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அயனி மண்டலம் 27 மெகாஹெர்ட்ஸ் அலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்புவதால், 12 வாட் எஸ்.எஸ்.பி. குரல் கண்டம் கடந்து கேட்பதும் வியப்பன்று. அந்நேரத்தில் 100 வாட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழி திறந்திருப்பதே முக்கியம். வழி மூடியிருந்தால் எத்தனை வாட்டும் பயன்படாது.

நெடுந்தூரம் பேச விரும்புபவருக்கு நேர்மையான பாதை மிக அருகிலேயே உள்ளது. அமெரிக்காவில் ஹாம் உரிமத்தின் முதற்படியான டெக்னீஷியன் தேர்வில் 35 வினாக்களில் 26க்குச் சரியான விடையளித்தால் போதும்; அவ்வுரிமம் 28.3 முதல் 28.5 மெகாஹெர்ட்ஸ் வரை எஸ்.எஸ்.பி. முறையில் 200 வாட் உச்ச ஆற்றலோடு பேச இடமளிக்கிறது. சிபியிலிருந்து ஒரு மெகாஹெர்ட்ஸ் தள்ளி, அதே அயனி மண்டலம், அதே கருவி, ஏறத்தாழ அதே அளவு ஆன்டெனா. வேறுபடுவது சட்டத்தின் துணை இருப்பது ஒன்றே.

இந்தியாவில் நிலைமை சற்று வேறு. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் 5 வாட்டுக்கு மிகாத கருவிகளை, பிறருக்கு இடையூறு செய்யாமலும் தமக்கு வரும் இடையூறுக்குப் பாதுகாப்புக் கோராமலும், உரிமமின்றிப் பயன்படுத்த விதிகள் இடமளிக்கின்றன. அமெரிக்கச் சேனல்களில் 27ஆம் எண் வரையே இந்த எல்லைக்குள் அடங்கும் என்பதால், 40 சேனல் கருவியை அங்கிருந்து அப்படியே கொண்டுவந்தால் அதன் மேற்பகுதி விதிக்கு வெளியே நிற்கும். ஹாம் கருவியையோ உரிமமின்றி வைத்திருப்பதற்கே அனுமதியில்லை. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு நடத்தும் தேர்வில் வென்று, 12 வயது நிறைந்த எவரும் அவ்வுரிமத்தைப் பெறலாம்.

ஆகவே, சாலையில் பேசுவதற்குக் கருவி தேடுபவர் எஸ்.எஸ்.பி. வசதியும் உரிய சான்றும் கொண்ட சிபிக் கருவியையே வாங்க வேண்டும். கோப்ரா 148 ஜிடிஎல், யூனிடென் பேர்கேட் 980 போன்றவை அவ்வகையின. மிச்சப்படும் பணத்தை முழு நீள ஆன்டெனாவுக்கும் நல்ல கம்பிக்கும் செலவிடுவதே தக்கது. ஹாம் டிரான்ஸீவரை ஏற்கெனவே வைத்திருப்பவர் அதனால் சிபியைக் கேட்டு மகிழலாம். பேசும் பொத்தானை அழுத்துவதை 28 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும்.