ராமலிங்கம் புத்தகம் வேணுமா? எந்த ராமலிங்கம்?

நாமக்கல், சேலம் பக்கத்தில் நூலகத்துக்குப் போய், "சார், ராமலிங்கம் புத்தகம் ஒண்ணு குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த ராமலிங்கம்?" என்ற கேள்விதான் முதலில் வரும்!

பெயர் ஒன்று, ஆட்கள் மூன்று. மூவரும் எழுதிக் குவித்தவர்கள்!

சொந்த ஊர்க்காரர்

முதல்வர் நம்ம ஊர் வெ. ராமலிங்கம் பிள்ளை. "நாமக்கல் கவிஞர்" என்றால்தான் தெரியும். ஆனால் பிறந்தது காவிரிக்கரை மோகனூரில், 1888 அக்டோபர் 19-ந்தேதி. தகப்பனார் வெங்கடராமன், போலீஸ்காரர். மகனோ உப்பு சத்தியாகிரகத்துக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார்! 1930-ல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் போன தொண்டர்கள் பாடியது அந்தப் பாட்டைத்தான்.

எம்.ஜி.ஆர். நடித்து 1954-ல் வெளிவந்த "மலைக்கள்ளன்" படத்தை மறக்க முடியுமா? அந்தக் கதையும் இவர் எழுதிய நாவல்தான். இவர் கைதேர்ந்த ஓவியரும்கூட. தன் வாழ்க்கையை "என் கதை" என்று தானே எழுதி வைத்தார். 1971-ல் பத்மபூஷண். 1972-ல் காலமானார். சென்னைக் கோட்டையில் பத்து மாடிக் கட்டிடத்துக்கு இவர் பெயர்தான்!

அடுப்பு அணையாதவர்

இரண்டாமவர் வடலூர் வள்ளலார், இராமலிங்க அடிகள். பிறந்தது சிதம்பரம் பக்கம் மருதூரில், 1823-ல். இவருடைய திருவருட்பா அச்சேறியது 1867-ல். அதே ஆண்டில்தான் வடலூரில் சத்திய தருமசாலை அடுப்பு மூட்டப்பட்டது. இன்றும் அணையவில்லை! 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போனவரைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. இவர் வரலாற்றைப் பெரிய புத்தகமாக எழுதியவர் ஊரன் அடிகள்.

மூன்றாமவர் தமிழறிஞர் மா. இராமலிங்கம். "புதிய உரைநடை" என்ற நூலுக்கு 1981-ல் சாகித்ய அகாடமி பரிசு வாங்கியவர். இவருக்கு "எழில்முதல்வன்" என்று ஒரு புனைபெயரும் உண்டு. அதனால் இவர் புத்தகங்களை இரண்டு பெயரிலும் தேட வேண்டும்!

ஓர் எழுத்து செய்யும் கோளாறு

சிக்கல் இதோடு தீரவில்லை. ஒருவர் "ராமலிங்கம்" என்று எழுதுவார். இன்னொருவர் "இராமலிங்கம்" என்பார். அகர வரிசையில் "இ" முன்னாலேயே வந்துவிடும். "ரா" எங்கோ பின்னால் கிடக்கும். ஒரே ஆளின் புத்தகங்கள் பட்டியலில் இரண்டு இடமாகப் பிரிந்துபோகும். "ரா" பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு, "இல்லீங்க" என்று திரும்பிப் போகிறவர் எத்தனை பேரோ!

வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு இருப்பது அப்பாவின் முதல் எழுத்து. அதை விட்டுவிட்டால் போச்சு! பள்ளிக்கூடப் பையன் கட்டுரையில் கவிஞருக்கு வள்ளலார் பிறந்த வருஷத்தைப் போட்டுவிடுவான். 1874-ல் மறைந்தவர் 1930-ல் உப்புப் பாட்டு எழுதியதாக ஆகிவிடும்!

புத்தகத்தோடு போனால் பரவாயில்லை. பட்டா, பென்ஷன், ரேஷன் கார்டு என்று எல்லாவற்றிலும் இதே கதைதான். ஒரு கார்டில் "ரா", இன்னொன்றில் "இரா" என்று இருந்தால், "ரெண்டும் ஒரே ஆள்தானா?" என்று கேட்பார்கள். அதை நிரூபிக்க அலைய வேண்டியவர் நீங்கள்தான்!

வழி என்ன?

நம்ம பெரியவர்கள் கண்டுபிடித்த வழி சுலபமானது: ஊரைச் சேர்த்துச் சொல்வது! சேலம் விஜயராகவாச்சாரியார் என்றார்கள், நாமக்கல் கவிஞர் என்றார்கள். குழப்பமே இல்லை.

ஆகவே நூலகத்துக்குப் போனால் இனிஷியலையும் ஊரையும் சேர்த்துக் கேளுங்கள். "ரா"வில் இல்லை என்றால் "இ"யிலும் தேடச் சொல்லுங்கள். நாமக்கல்லில் கவிஞர் வாழ்ந்த வீடே நினைவு இல்லமாகவும் நூலகமாகவும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு எட்டு உள்ளே போய் "என் கதை"யைக் கேட்டுப் பாருங்கள்.

அங்கே யாரும் "எந்த ராமலிங்கம்?" என்று கேட்கமாட்டார்கள்!